பிறந்தநாள் சாப்பாடா, பஸ் காசா? வீட்டைவிட்டு வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

திருநெல்வேலிச் சீமையில் கொடுக்கிற மனசுக்குப் பஞ்சம் இல்லை. குழந்தைகள் இல்லம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு நாள் கேட்டால், பெரும்பாலும் யாராவது முன்பே எழுதிவைத்திருப்பார்கள். அதே இல்லத்தில் செவ்வாய்க்கிழமை காலை இட்லிக்கு ஆள் இருக்காது. ரயில் ஜங்ஷனில் ராத்திரி தனியாக இறங்கிய பையனோடு உட்கார்ந்து பேசவும், அவன் அம்மாவைத் தேடிச் சங்கரன்கோவிலுக்கோ ராதாபுரத்துக்கோ பஸ் ஏறவும் ஆகிற செலவுக்கு அதைவிடவும் ஆள் குறைவு.

எந்த வழி நல்லது என்று பார்க்க, அந்தப் பிள்ளை போகிற பாதை முதலில் தெரிய வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, தனியாகக் கண்டெடுக்கப்படும் பிள்ளையை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் கொண்டுபோக வேண்டும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது. குடும்பத்தை விசாரித்து, வீட்டுக்கு அனுப்புவதா, உறவினரிடம் விடுவதா, இல்லத்தில் சேர்ப்பதா என்று உத்தரவு போடுவது அவர்கள்தான். பிள்ளையைக் கண்டவர் செய்ய வேண்டியது குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிடுவது. பாவம் என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு வைத்துக்கொள்ளக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

1098 எண் 1996ல் மும்பையில் தொடங்கியது. நெடுங்காலம் ஊர் ஊராகத் தொண்டு நிறுவனங்களே அந்த அழைப்புகளுக்கு ஓடிவந்தன. 2023 முதல் அரசே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக நடத்துகிறது. ஆகவே மீட்கிற கட்டத்துக்கு இப்போது அரசின் கை இருக்கிறது. காசு மெலிந்து கிடப்பது அதற்கு அடுத்த கட்டங்களில்.

கணக்குக்காக ஒரு குடும்பம் ஆண்டுக்கு 12,000 ரூபாய் ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம்.

சாப்பாடு போடுவது

50 பிள்ளைகள், தலைக்கு 100 ரூபாய் என்றால் ஒரு வேளைக்கு 5,000. ஆண்டுக்கு இரண்டு நல்ல சாப்பாடு போட்டுவிட்டு 2,000 மிஞ்சும். கண்ணால் பார்த்துக் கொடுக்கலாம், நம் பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம். அந்தத் திருப்தி பொய்யில்லை.

கெடுகிற இடங்களைச் சொல்லிவிடுகிறோம். கல்யாண வீட்டில் மிஞ்சியதை மூன்று மணிக்கு மேல் அண்டாவோடு கொண்டுவந்து இறக்குவது முதலாவது. நம் ஊர் சொதி தேங்காய்ப்பாலில் ஆனது. வெயில் காலத்தில் மத்தியானம் தாண்டினால் புளித்துவிடும், பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். 50 பிள்ளைகளுக்கு ஒரே ராத்திரியில் வயிற்றுப்போக்கு வந்தால் விடுதிக் காப்பாளர் இரண்டு பேர் என்ன செய்வார்கள்? கொடுப்பதானால் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் இலையில் விழுகிற மாதிரி கொடுங்கள். முடியாதென்றால் அரிசியாக, பருப்பாக, முட்டையாகக் கொடுங்கள்.

இரண்டாவது, கேக் வெட்டிப் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுவது. பாதுகாப்பில் உள்ள பிள்ளையின் அடையாளம் தெரியும்படி படமோ பெயரோ பள்ளியோ வெளியிடுவது சட்டத்தின் 74ஆம் பிரிவில் குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அடிக்குப் பயந்து ஓடிவந்த பெண்பிள்ளை இருக்கிற இடத்தை, அவளைத் தேடுகிறவனுக்கு நம் ஸ்டேட்டஸ் காட்டிக் கொடுத்துவிடும்.

சாப்பாடுதான் போடுவேன் என்றால், ஒரு நாள் பிரியாணியை விட்டுவிட்டு வாரம் இரண்டு நாள் முட்டைக்கு மளிகைக் கடையில் பேசி மாதக் கணக்கு வையுங்கள். பிள்ளை உடம்பில் அதுதான் தங்கும்.

பொருளாகக் கொடுப்பது

பழைய துணி மூட்டைகளைப் பற்றி நீட்ட வேண்டாம். பிரித்து அடுக்கவே ஓர் ஆள் வேண்டும், பாதி உதவாது. கொடுக்க வேண்டியவை வேறு: அளவு கேட்டு வாங்கிய புது உள்ளாடை, ரப்பர் செருப்பு, நாப்கின், ஈர்வலி சீப்பு, கொசுவலை.

சிரங்குக்கான மருந்தை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. பல நாள் ஒரே துணியோடு நடைமேடையில் படுத்த பிள்ளைக்குச் சொறி சிரங்கு வந்திருக்கும். வந்த பிள்ளைக்கு மட்டும் மருந்து போட்டால் பக்கத்துப் பாயிலிருந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். மருத்துவர் சொல்லும் அளவில் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பை, அறையில் உள்ள எல்லோருக்கும் ஒரே ராத்திரியில், கழுத்துக்குக் கீழே விரலிடுக்கு விடாமல் பூசி, காலையில் குளிக்கவைத்து, துணியும் விரிப்பும் வெந்நீரில் அலசி வெயிலில் போட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். ஆளுக்கு இரண்டு முறை என்று கணக்குப் போட்டு மொத்தமாக வாங்கிக் கொடுத்தால் மட்டுமே பயன். பாதிப் பேருக்குக் கொடுத்தால் அடுத்த மாதமும் அதே சொறிதான்.

பொருளுக்கு வருமான வரியில் கழிவு இல்லை; பணத்துக்கு மட்டுமே. நாம் 80ஜி என்று சொல்லிப் பழகிய அந்தச் சலுகையும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, புது வரிமுறையில் இருப்பவருக்கும் கிடையாது.

இல்லத்துக்கு மாதாமாதம்

நெல்லைச் சீமைக்கு இல்லம் என்பது பழைய ஏற்பாடு. 1901ல் ஓடிவந்த ஒரு சிறுமியை அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் சேர்த்துக்கொண்டதிலிருந்து வளர்ந்ததுதான் டோனாவூர் இல்லம். அன்றைக்கு அந்த மாதிரிப் பிள்ளைகள் பலருக்குத் திரும்பிப் போக வழி இல்லை. இன்று இல்லத்துக்கு வருகிற பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ ஆச்சியோ சித்தியோ எங்கோ இருக்கிறார்கள். இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் சட்டமும் வைத்திருக்கிறது. ஆகவே, மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் முன் ஓர் இல்லத்தை எப்படிப் பார்ப்பது?

பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி பதிவு கட்டாயம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அறக்கட்டளைப் பத்திரத்தைக் கண்ணாடி பிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள், அது இதற்கு ஈடாகாது. எத்தனை பிள்ளைகளுக்கு அனுமதி, இப்போது எத்தனை பேர், ஒவ்வொரு பிள்ளைக்கும் நலக் குழு உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு, போன ஆண்டு எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பினார்கள் என்று கேளுங்கள். “எங்களை விட்டு யாருமே போகமாட்டார்கள்” என்று பெருமையாகச் சொல்கிற இடத்தில் இன்னும் இரண்டு கேள்வி கேட்பது நல்லது. பிள்ளையின் எண்ணிக்கையை வைத்து நன்கொடை வருகிற இல்லத்துக்கு, பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் வருமானம் குறையும். நல்ல மனசுக்காரர்களையும் இந்தக் கணக்கு மெல்ல இழுத்துவிடும்.

கொடுக்கிற பணத்தைச் சம்பளத்துக்கு என்று சொல்லிக் கொடுங்கள். கட்டடத்துக்கும் மின்விசிறிக்கும் உபயம் எழுத ஆள் வருவார்கள். ராத்திரி விழித்திருக்கிற அக்காவின் சம்பளத்தில் யார் பெயரையும் எழுத முடியாது. அந்த அக்கா ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறினால், ஏற்கெனவே பெரியவர்களை நம்பாத பிள்ளை இன்னும் ஒருபடி உள்ளே ஒடுங்கிவிடும். கோயில் கட்டளை மாதிரி ஒரு லட்சத்தை வைப்பில் போட்டு வட்டியில் நடத்தச் சொல்வோரும் உண்டு. 6.5 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 6,500. விலைவாசி ஏற ஏற அது தேயும் என்பதைத் தெரிந்து செய்யுங்கள்.

பிள்ளைகளுக்காக வெளியே அலைகிற பணியாளர்களுக்கு

பணம் கொடுக்கிற வழிகளில், எங்கள் கணக்கில் முதலிடம் இதற்குத்தான். நிலையத்திலும் சந்தையிலும் பிள்ளைகளிடம் பேசுவது, குடும்பத்தைத் தேடுவது, வீட்டுக்குப் போன பிள்ளையைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது, இவைதான் இந்த வேலை.

முதல் நாள் பிள்ளை சொல்கிற பெயரும் ஊரும் பெரும்பாலும் பொய்யாக இருக்கும். அது தப்பில்லை, பயம். சாப்பாடு, குளியல், தூக்கம் மூன்றும் ஆன பிறகு, மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான் உண்மை வரும். அதற்குப் பொறுமையான ஒரே ஆள் வேண்டும். பெண்பிள்ளை என்றால் பெண் பணியாளர் வேண்டும். வடக்கேயிருந்து வந்த பிள்ளை என்றால் இந்தியோ ஒடியாவோ வங்காளமோ பேசுகிறவர் வேண்டும்.

அடுத்தது, ஏன் வந்தாய் என்பதற்கு விடை. அப்பாவின் குடி, சித்தியின் அடி, மதிப்பெண், நிச்சயம் பண்ணிவிட்ட கல்யாணம், வாங்கின கடனுக்காக வேலைக்கு விடப்பட்டது என்று காரணங்கள் இருக்கும். காரணம் அப்படியே கிடக்கப் பிள்ளையை மட்டும் வீட்டுவாசலில் விட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தால் மறுபடி ஓடும். இரண்டாம் முறை இன்னும் தொலைவுக்கு ஓடும், அப்போது சீருடையையோ அடையாள அட்டையையோ கண்டால் ஒளிந்துகொள்ளும்.

ஆகவே திரும்பிப் போன பிள்ளையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று வையுங்கள். மொத்தம் 12 முறை. பாளையங்கோட்டையிலிருந்து ஓர் உள்கிராமத்துக்குப் பஸ், ஷேர் ஆட்டோ, சாப்பாடு, பணியாளரின் ஒரு நாள் கூலி எல்லாம் சேர்த்து 800 ரூபாய் என்றால் 9,600. இரண்டு வேளைப் பிரியாணிக்கு ஆகிற தொகையில் ஒரு பிள்ளை வீட்டில் நிலைக்கிறதா என்பதை இரண்டு வருஷம் பார்த்துக்கொள்ளலாம். மீதிப் பணம் பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்க்கிற செலவுக்கு ஆகும்.

இதன் பலவீனம், கொடுக்கிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. படம் கேட்கக் கூடாது, வீட்டுக்குப் போய்ப் பார்க்கவும் கூடாது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெயர் இல்லாத எண்கள் கேளுங்கள்: எத்தனை பிள்ளைகளிடம் பேசினீர்கள், எத்தனை பேரைக் குழு முன் கொண்டுபோனீர்கள், எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள், அவர்களில் ஆறு மாதம் கழித்தும் வீட்டில் இருப்பவர் எத்தனை பேர், மறுபடி ஓடியவர் எத்தனை பேர். கடைசிக் கேள்விக்கு ஓர் எண் சொல்கிறவர்களை நம்பலாம். யாருமே ஓடவில்லை என்றால் போய்ப் பார்க்கவில்லை என்று பொருள்.

பெரிய நிறுவனங்கள்

ரயில் நிலையப் பிள்ளைகளுக்கென்றே 1995ல் பிரிட்டனில் தொடங்கி இந்தியாவிலும் வேலை செய்யும் ரயில்வே சில்ட்ரன் போன்றவை உண்டு. ரசீது ஒழுங்காக வரும், தணிக்கை அறிக்கை கிடைக்கும், வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும். நம் ஊர்ப் பிள்ளை சென்னையிலோ மும்பையிலோ போய் இறங்கும்போது அங்கே ஓர் ஆள் நிற்க வேண்டும் என்றால் இந்தப் பணமும் தேவை. ஆனால் நெல்லை வண்ணார்பேட்டை கடை வாசலில் அட்டை மாட்டிய இளைஞர் பேசியதும் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். ஆண்டறிக்கையில் நன்கொடை திரட்ட ஆன செலவைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். “ஒரு குழந்தையைத் தத்தெடுங்கள்” என்ற விளம்பரம் மாதச் சந்தாவைத்தான் குறிக்கிறது. சட்டப்படி தத்தெடுப்பது வேறு நடைமுறை. எந்த இல்லமும் நேரடியாகப் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க முடியாது.

காசில்லாத வழி

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பிள்ளை குடும்பத்தோடு வளர மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்குக் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்காக 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. இவை பல வீடுகளுக்குப் போய்ச் சேராததற்குக் காரணம் காகிதம். இறப்புச் சான்றிதழ் வாங்கியிருக்கமாட்டார்கள், ஆதாரில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கும். பீடி சுற்றுகிற ஆச்சியால் வேலையை விட்டுவிட்டு நாலு முறை தாலுகா ஆபீசுக்கு அலைய முடியாது. கூடப் போய் நிற்க ஓர் ஆள் இருந்தால் ஆண்டுக்கு 48,000 ரூபாய் அந்த வீட்டுக்கு வரும். 12,000 ரூபாய் கொடுக்க வசதியில்லாத ஓய்வுபெற்ற ஆசிரியரோ கிராம நிர்வாக அலுவலரோ இதைச் செய்தால் நாம் சொன்ன எல்லா வழிகளையும் மிஞ்சிவிடும்.

வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. துபாயில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது உள்நாட்டு நன்கொடைதான். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணாச்சி அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணம். அதற்குரிய பதிவு பெற்ற நிறுவனம் மட்டுமே, பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாக மட்டுமே வாங்க முடியும். தெரியாமல் சாதாரணக் கணக்கில் போட்டுவிட்டால் சிக்கல் உள்ளூர் நிறுவனத்துக்கு.

உள்ளூரில் கொடுக்கிறவர்கள் ரசீது போடும்போது நோக்கம் என்ற இடத்தைக் காலியாக விடவேண்டாம். “வீடு திரும்பிய பிள்ளைகளைப் பார்த்துவரும் பயணச் செலவும் பணியாளர் ஊதியமும்” என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள்.