கயிற்றில் இறங்கும் புத்தகங்கள்: ரங்கூன் வாடகை நூலகம் ஒன்று

அனோரத்தா சாலையிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் தெருக்களில் ஒன்றில், நான்காம் மாடியில் இருக்கிறது இந்த நூலகம். பெயர்ப்பலகை கிடையாது. பால்கனியிலிருந்து ஒரு நைலான் கயிறு தொங்கும். நுனியில் கிளிப், மேலே மணி. பேப்பர் போடுகிறவர்களுக்காக நம் ஊர் மாடி வீடுகளில் தொங்குமே, அதே கயிறுதான். இரண்டு தரம் இழுத்தால் நூலகம் நடத்துகிற அண்ணன் எட்டிப் பார்ப்பார். வேண்டிய புத்தகத்தின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி, பணத்தோடு சேர்த்துக் கிளிப்பில் மாட்டிவிட்டால் மேலே போகும். ஐந்து நிமிடத்தில் பிளாஸ்டிக் பையில் புத்தகம் இறங்கி வரும். முட்டி தேய்ந்துபோன என்னைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது அந்தச் செங்குத்தான மரப்படிகளை ஒருமுறை ஏறியவர்களுக்குத் தெரியும்.

முன்பணம் 10,000 கியாட். 15 நாளைக்கு வாடகை 1,000. மாலை 4 மணி முதல் 7 மணி வரைதான். கரண்ட் இல்லாத நாளில் போன் எடுக்கமாட்டார், கயிறுதான் வழி.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். 1960களில் பள்ளிகள் அரசுடைமையான பிறகு நமக்குத் தமிழ் எழுத்து கோயில் திண்ணையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, கடைப்பலகைத் தமிழைப் படிக்கத் திணறும். அதனால் தமிழ்ப் புத்தகம் இரவல் தருகிற இடம் ஒன்று இந்த ஊரில் இருப்பதே எனக்குப் பெரிது. ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் அண்ணன் ஒரு சிறிய நோட்டைத் தைத்து வைத்திருக்கிறார். படித்தவர்கள் மனதில் பட்டதை அதில் எழுதலாம். பெயர் போட வேண்டியதில்லை, ஊர் மட்டும் போதும்.

மழைக்காலத்தில் நான் எடுத்தது ஜப்பான் காலத்து நாவல் ஒன்று. முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது, அதனால் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுவதில் கதை தொடங்குகிறது. நம்மவர்கள் நாலைந்து லட்சம் பேர் இந்தியாவுக்கு அராக்கான் வழியாகவும் தமு வழியாகவும் நடந்தே போனார்களே, அந்த நடையில் கதாநாயகன் சேரவில்லை. அவன் ஆலைக்கூலிகளுக்கு மேஸ்திரி, ஆள் சேர்த்து வேலை வாங்குகிறவன். ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம் வசூலாகவில்லை என்று தங்கிவிடுகிறான். 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ஊருக்குள் வருகிறான். கொஞ்ச நாளில் மேஸ்திரி அவனுக்கே ஆள் பிடித்துக் கொடுக்கிறான், தான்பியூசயாட்டிலிருந்து சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்கு. நாவல் முழுக்க அவனுக்குப் பெயரே இல்லை. மேஸ்திரி, அவ்வளவுதான்.

மொத்தமா என்ற ஊரின் படகுத்துறைக் காட்சியை நான் மூன்று முறை படித்தேன். அப்போது சால்வீன் ஆற்றுக்குப் பாலம் கிடையாது, அக்கரை மௌல்மீனுக்குப் படகில் போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டும். விடியற்காலை, பனி. மேஸ்திரி ஒவ்வொரு ஆளும் படகில் ஏறும்போது ஒரு புளியங்கொட்டையைச் சுருக்குப்பையில் போடுகிறான். பட்டியலில் அவன் அக்கா மகன் பெயர் இருந்தது. முதல் நாள் இரவு அதை அடித்துவிட்டு, வேலை கேட்டு வந்த ஒரு பையனின் பெயரை எழுதியிருக்கிறான். அந்தப் பையன் ஏறும்போது, "அங்க சோறு போடுவாங்களா மேஸ்திரி?" என்று கேட்கிறான். "போடுவாங்கடா" என்கிறான் இவன். சொல்லும்போது கொட்டை கைதவறி ஆற்றில் விழுகிறது. மடியைத் துழாவி இன்னொன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறான்.

போர் முடிந்த பிறகும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழவனாகிறான், கோயிலுக்கு வெண்கல மணி வாங்கிக் கொடுக்கிறான், மணியில் தன் பெயரைப் பொறிக்கச் சொல்கிறான். என்ன பெயர் என்று ஆசிரியர் அங்கேயும் எழுதவில்லை.

நோட்டைத் திறந்தால் சண்டை. "இந்த நாயைத் தூக்கில் போட்டிருக்க வேண்டாமா?" என்று தாட்டோன்காரர் ஒருவர் நீல மையில் எழுதி மூன்று கோடு இழுத்திருக்கிறார். அதற்குக் கீழே பென்சிலில், "தூக்கில் போட்டால் போனவன் திரும்பி வருவானா?" பெரியவர் ஒருவர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். நேதாஜி 1944 ஜனவரியில் தலைமையகத்தையே ரங்கூனுக்குக் கொண்டுவந்தார், அவர் படையில் எத்தனை தமிழர்கள் இருந்தார்கள், அவர்களை விட்டுவிட்டு இந்த ஈனனை எழுதி நம் மானத்தை வாங்க வேண்டுமா என்று கேட்கிறார். அவர் வேதனை எனக்குப் புரிகிறது. அந்தப் படைக்குப் போனவர்களின் பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கதையைச் சொல்லிவிட்டால் படகுத்துறையில் நின்ற பையனின் கதை சொல்லியதாக ஆகிவிடுமா?

"எழுதியவர் இவன்மேல் இரக்கப்படுகிறார், அவரும் இவன் ஜாதிதான்" என்று இன்னொருவர். இது எனக்குப் பொறுக்கவில்லை. இரக்கம் என்று எதைச் சொல்கிறார்? கிழவனுக்கு மூச்சிரைப்பதையும், ராத்திரியில் எழுந்து உட்கார்வதையும் ஆசிரியர் எழுதியிருக்கிறார். அது மன்னிப்பு இல்லை. அவனுக்குக் கொம்பு முளைத்திருந்தால் நாம் நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்போம், வேறெங்கோ நடந்ததாக. அவன் ரசத்துக்குப் புளி கரைக்கிறான், மருமகனுக்காகக் கண் கலங்குகிறான். அதனால்தான் நமக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இருப்பதிலேயே நல்ல குறிப்பு கடைசிக்கு முந்தின பக்கத்தில் இருந்தது. பர்மிய எழுத்து. வாய்விட்டுப் படித்தபோதுதான் தமிழ் என்று தெரிந்தது. பேச்சு தமிழ், எழுத்து பர்மியம், யாரோ சின்னப் பிள்ளை. யாராவது படித்துக் காட்டியிருக்க வேண்டும். "கொட்டை தண்ணியில விழுந்ததும் வேற எடுத்துப் போட்டான்ல, அப்பவே அவனுக்கு எல்லாம் தெரியும்" என்று எழுதியிருந்தது. நாற்பது வருடமாகப் படிக்கிறவள் நான், எனக்கு இது தோன்றவில்லை.

இந்த நாவல் கொஞ்ச நாள் வெளியலமாரியில் இல்லை. அதுதான் எனக்கு இந்த நூலகத்தின்மேல் இருந்த பெரிய மனக்குறை. யாரோ போனில் சத்தம் போட்டார்களாம். அண்ணன் பழுப்பு அட்டை போட்டு உள் பீரோவில் வைத்துவிட்டார், கேட்டால் மட்டும் தருவார். முட்டி வலியோடு படியேறிப் போய்க் கேட்டேன்.

"சாயாமா, பெரிய மனுசங்க மனசு கஷ்டப்படுதுங்கிறாங்க" என்றார். சாயாமா என்றால் பர்மியத்தில் டீச்சர்.

"கஷ்டப்படட்டும்ணே. நீங்க நோட்டு தச்சு வச்சதே அதுக்குத்தானே" என்றேன்.

பதில் சொல்லவில்லை. அந்த வீட்டு அக்கா லாப்பே தட்டை, ஊறவைத்த தேயிலையை, கொண்டுவந்து வைத்தார், சாப்பிட்டுவிட்டு இறங்கினேன். இரண்டு வாரம் கழித்துப் புத்தகம் வெளியலமாரிக்கு வந்துவிட்டது, அட்டையும் இல்லை. யாரிடமும் இதைப் பெரிதுபடுத்தவில்லை அவர். அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

சின்னக் குறைகளும் உண்டு. பாதிக்கு மேல் ஜெராக்ஸ் பிரதிகள். இந்த நாவலிலேயே 211, 212 பக்கங்கள் இல்லை, படகு கரையை விட்டுப் போகிற இடம். மழையில் கயிறு வழியாக வந்தால் பையில் எப்படியும் ஈரம் இறங்கிவிடுகிறது, ஜூன் முதல் அக்டோபர் வரை இரட்டைப் பை கேட்டு வாங்குங்கள். பூஞ்சைக்கு வேப்பிலை வைக்கிறார்கள், போதவில்லை. பிள்ளைகளுக்கான புத்தகம் மிகக் குறைவு.

நான் எழுத வேண்டியதை எழுத எனக்கு மூன்று தவணை ஆனது. என் தாத்தா மௌல்மீனில் அரிசி ஆலை மேஸ்திரி. எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு அவர் வாங்கியது. "பஞ்சத்துல நூறு பேருக்குச் சோறு போட்டவரு" என்று பாட்டி சொல்லும். ஒரே ஒரு முறை, "ஜப்பான் காலத்துல உங்க தாத்தா கையிலதான் ஆள் லிஸ்ட்டு இருக்கும்" என்று ஆரம்பித்து, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டது. நானும் பிறகு கேட்கவில்லை. தான்பியூசயாட் போர்க் கல்லறைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். கைதிகளாக வந்து செத்த சிப்பாய்களுக்கு ஏறத்தாழ 3,700 கல்லறைகள், புல் வெட்டி, ஒவ்வொன்றிலும் தகடு பதித்து. அந்த ரயில்பாதையில் இறந்த ஆசியக் கூலிகள் 90,000 பேர் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்த தமிழர்கள் அதில் எத்தனையோ பேர். கூலியாகப் போன நம்மவர் பெயர் ஒன்றுகூட அந்தத் தகடுகளில் என் கண்ணில் படவில்லை. அன்று தாத்தாவின் நினைப்பு எனக்கு வரவில்லை. இந்த நாவலைப் படித்த இரவுதான் வந்தது.

முதல் தவணையில் எழுதாமலே திருப்பினேன். இரண்டாவதில் எழுதிக் கிழித்தேன். மூன்றாவதில் இரண்டு வரி எழுதினேன்: "என் தாத்தாவும் மேஸ்திரி. அவர் லிஸ்ட்டில் யார் பெயர் இருந்தது என்று எனக்குத் தெரியாது."

அதோடு அந்த நோட்டு தீர்ந்துவிட்டது. 80 பக்க நோட்டு ஒன்று வாங்கிப் புத்தகத்தோடு கிளிப்பில் மாட்டி அனுப்பினேன், அண்ணன் அன்றைக்கே தைத்துவிட்டாராம். புத்தகம் இப்போது பெகுவில் ஒருவரிடம் இருக்கிறது. அடுத்து மூன்று பேர் காத்திருக்கிறார்கள், வேண்டுமென்றால் இப்போதே சீட்டு எழுதி மாட்டிவிடுங்கள்.