பால் ஜாயின்ட் பிரஸ்: 6 வருஷம், 2 செட், 11 ஜாயின்ட்

பால் ஜாயின்ட்னா சக்கரத்தைத் தாங்குற நக்கிளை சஸ்பென்ஷன் ஆர்மோட இணைக்கிற உருண்டை மூட்டு, அதை ஆர்ம்ல இருந்து தள்ளி எடுக்கவும் புதுசை அழுத்தி ஏத்தவும் உதவுறதுதான் இந்த பிரஸ்: சி ஷேப் ஃபிரேம், ஸ்க்ரூ, கப், பிளேட். முதல்ல வாங்குன பிரஸ் செட்ல 21 பீஸ். அதுல 15 பீஸ் இன்னும் கம்பெனியில தடவி அனுப்புன எண்ணெய்கூட கலையாம பெட்டிக்குள்ள அப்படியே படுத்திருக்கு. மிச்சம் 6-ல ஃபிரேமும் ஸ்க்ரூவும் ரெண்டாவது வருஷமே போயிடுச்சு, அப்புறம் வாங்குனது 10 பீஸ் செட், அதுதான் 4 வருஷமா ஓடுது. இந்த ரெண்டையும் வச்சு இதுவரைக்கும் 11 பால் ஜாயின்ட் மாத்தியிருக்கேன். என் கார்ல 2, மச்சானோட ஃபோர் வீல் டிரைவ் வண்டியில முன் ஆக்ஸில்ல மேலயும் கீழயுமா 4, ஃபிரெண்டோட பிக்கப்ல 4. கூட்டுனா 10 தான வருதுன்னு கேக்குறீங்களா, அந்த 11-ஆவது என் முட்டாள்தனத்துக்கு நான் கட்டுன ஃபைன், கீழ சொல்றேன்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க வண்டிக்கு இது தேவையான்னு முதல்ல வண்டிக்கு அடியில படுத்துப் பாருங்க. பால் ஜாயின்ட்டை போல்ட் போட்டு மாட்டியிருப்பான், சிலதுல ரிவெட் அடிச்சிருப்பான், சிலதுல லோயர் ஆர்மோட சேர்ந்தே ஒரே பீஸா வரும், ஆர்மைத்தான் மாத்தணும். இந்த மூணுக்கும் பிரஸ் வேலையே கிடையாது. ஆர்மோட காதுக்குள்ள, அதாவது நுனியில இருக்குற துளை வளையத்துக்குள்ள, இறுக்கமா அழுத்தி ஏத்துன டைப்புக்கு மட்டும்தான் இது. அதுலயும் உங்க ஆர்மோட ரப்பர் புஷ் எல்லாம் கிழிஞ்சு போயிருந்தா, புஷ்ஷும் ஜாயின்ட்டும் போட்டே வர்ற புது ஆர்மை வாங்கி நாலு போல்ட்ல மாட்டிட்டுப் போயிடலாம், நானா இருந்தா அதைத்தான் பண்ணுவேன். பிரஸ் வச்சிருக்கோம்னு எல்லாத்தையும் அழுத்திப் பாக்கணும்னு ஆசை வரும், எனக்கும் வந்துச்சு, பிக்கப்ல மாத்துன 4-ல ஒண்ணு மாத்தியிருக்கவே வேணாம், சத்தம் ஸ்டெபிலைசர் லிங்க்ல இருந்து (பக்கத்துலயே இருக்குற வேற ஒரு சின்ன இணைப்புக் கம்பி) வந்திருக்கு.

சரி, முதல் செட் கதை. பெட்டி பாக்க அம்சமா இருந்துச்சு, ஒவ்வொரு கப்புக்கும் தனிக்குழி, பிளேட்டுக்குத் தனிக்குழி, இத்தனை பீஸ் இருந்தா எந்த வண்டியா இருந்தாலும் ஏதோ ஒண்ணு செட் ஆகும்னு நம்பிட்டேன். என் கார்லயே முதல் ஜாயின்ட். நட்டைக் கழட்டி, நக்கிள்ல இருந்து பிரிச்சு, சி ஃபிரேமை மாட்டி ஸ்க்ரூவைத் திருக ஆரம்பிச்சேன். இறுகுது, இறுகுது, ஜாயின்ட் அசையல. திருகுற பாருக்கு மேல பைப் சொருகி இன்னும் கால் சுத்து. அப்பவும் அசையல, ஆனா ஃபிரேமோட வாய் லேசா விரிஞ்ச மாதிரி இருந்துச்சு. கண்ணு ஏமாத்துதோன்னு வெர்னியர் வச்சு அளந்தா கிட்டத்தட்ட 3 எம்எம் விரிஞ்சிருக்கு. அப்பத்தான் மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு, கையில கம்பி பிரஷ் எடுத்து ஜாயின்ட்டைச் சுத்தி சுரண்டுனா சேறும் துருவும் கலந்த ஒரு அப்பளம் உரிஞ்சு வருது, அதுக்கு அடியில சர்க்கிளிப், அதான் ஜாயின்ட் வெளிய வராம பிடிக்கிற வளையக் கிளிப், சமத்தா உக்காந்திருக்கு. அதைக் கழட்டாமலே நான் அரை மணி நேரமா அழுத்திட்டு இருந்திருக்கேன்!

தப்பு என்னுதுதான். ஆனா லோடை எடுத்த பிறகு ஃபிரேம் பழைய அளவுக்குத் திரும்பி வரல, 2 எம்எம் விரிஞ்ச மேனிக்கே நின்னுடுச்சு. இரும்பு லோடுல கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், லோடை எடுத்தா திரும்பி வரணும், வரலைன்னா அது வளைஞ்சு செத்துப்போச்சுன்னு அர்த்தம். வாய் விரிஞ்ச ஃபிரேம்ல ஸ்க்ரூ நேரா இறங்காது, லேசா சாய்ஞ்சு இறங்கும். இது எனக்கு அன்னிக்குப் புரியல, சர்க்கிளிப்பை எடுத்துட்டு அதே ஃபிரேமை வச்சே பழசை வெளிய தள்ளி புதுசையும் ஏத்துனேன், பாதி தூரம் போனதும் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் நிக்குது, அடிச்சு நிமித்தப் பாத்ததுல புது ஜாயின்ட்டோட விளிம்பு நசுங்கிடுச்சு. அதுதான் அந்த 11-ஆவது. நல்ல வேளையா ஆர்மோட துளை முட்டை ஷேப் ஆகல, ஆகியிருந்தா ஆர்மும் போயிருக்கும்.

அதுக்கப்புறம் அந்த ஸ்க்ரூ. இது மச்சான் வண்டியில. அவன் நான் பாரை வச்சு முக்குறதைப் பாத்துட்டு, "மாமா, இம்பாக்ட் கன்னு சும்மாதானே கெடக்கு, அதை வச்சு ஒரே அழுத்தா அழுத்திருங்களேன்"னான். இம்பாக்ட் கன்னா அடிச்சு அடிச்சு நட்டைத் திருகுற மிஷின். எனக்கும் தோள்பட்டை வலி, சரின்னு வச்சேன். ஜாயின்ட் வந்துச்சு, பொய் சொல்லல, ரொம்ப சுலபமாவே வந்துச்சு. ரெண்டாவது ஜாயின்ட்ல ஸ்க்ரூ பாதியில கரகரன்னு நின்னுச்சு, திருப்பினாலும் வரல, கடைசியில வெளிய எடுத்துப் பாத்தா மரையில இருந்து இரும்பு இழை இழையா உரிஞ்சிருக்கு. கிரீஸ் போடல, அது என் தப்பு. ஆனா அந்த ஸ்க்ரூவோட மரை சாதா போல்ட் மாதிரி கூரான வி ஷேப், இப்ப இருக்குறதுல மரை தட்டையா, சதுரத்துக்குக் கிட்டத்துல, வைஸ்ல இருக்கும் பாருங்க அந்த மாதிரி. லோடோட திரும்பத் திரும்பத் திருகுறதுல ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். மரை கழண்டது ஸ்க்ரூவுக்கா எனக்கான்னு மச்சான் இன்னும் கேட்டுட்டு இருக்கான்.

கிரீஸ் விஷயத்தை கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா எல்லாரும் இதை சாதாரணமா விட்டுடுறாங்க. அரை மீட்டர் பாரோட நுனியில 40 கிலோ கொடுத்து இழுக்குறீங்கன்னு வைங்க, அது சுமார் 200 நியூட்டன் மீட்டர். ஸ்க்ரூ 22 எம்எம் தடிமன், மரையில நல்லா கிரீஸ் இருக்குன்னா ஜாயின்ட் மேல விழுற அழுத்தம் கணக்குப்படி பல டன் வரும். அதே ஸ்க்ரூ காஞ்சு துருவேறி இருந்தா உராய்வுலயே பெரும்பகுதி போயிடும், அதே கை, அதே பார், ஆனா அதை விட ரொம்பக் குறைவாத்தான் தேறும். அப்புறம் நாம என்ன பண்ணுவோம், பைப் சொருகுவோம். அந்தக் கூடுதல் முக்குல பெரும்பகுதி மரையைத் தின்னுறதுக்குத்தான் போகுது, ஜாயின்ட்டுக்குக் கொஞ்சம்தான் போகுது. இப்பல்லாம் ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் முன்னாடி ஸ்க்ரூவைத் துடைச்சு மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்தது) தடவுறேன், ஸ்க்ரூ நுனியில சுத்துற தொப்பிக்குள்ளயும் ஒரு சொட்டு. 4 வருஷம் ஆகியும் மரை புதுசு மாதிரி இருக்கு. இம்பாக்ட் கன் கிட்டவே விடுறதில்ல, நிறைய கம்பெனி மேனுவல்லயே கையாலதான் திருகணும்னு போட்டிருக்கான், நான்தான் படிக்கல.

ரெண்டாவது செட் எடுக்கும்போது பீஸ் எண்ணிக்கையைப் பாக்கவே இல்ல. ஃபிரேம் அடிச்சு உருவாக்குன ஃபோர்ஜ்டு இரும்பா, முதுகுப் பக்கம் எவ்வளவு தடிமன், ஸ்க்ரூ போற பக்கம் மரை எத்தனை நீளத்துக்கு ஓடுது, இதைத்தான் பாத்தேன். அப்புறம் வெர்னியரை எடுத்துட்டுப் போய் வண்டியில அளவு எடுத்தேன், இது முதல் தடவை பண்ணாத வேலை. ஜாயின்ட் உடம்போட விட்டம், விளிம்போட விட்டம், ஆர்ம் காதோட தடிமன். ஜாயின்ட் வெளிய வர்ற பக்கம் வைக்கிற கப்போட உள்விட்டம் விளிம்பை விட 1, 2 எம்எம் பெருசா இருக்கணும், அதுக்கு மேல போனா கப் ஆர்மோட காதுல சரியா உக்காராம நழுவும், குறைஞ்சா ஜாயின்ட் கப்புக்குள்ளயே சிக்கிக்கும்.

உயரம்தான் எல்லாரும் கோட்டை விடுற இடம். கப், ஆர்ம் காது, ஜாயின்ட் தலை, மேல பிளேட், எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனா எவ்வளவுன்னு கூட்டிப் பாருங்க. கப் 70, காது 25, தலை 20, பிளேட் 15ன்னு வச்சா 130 எம்எம். ஸ்க்ரூவை முழுசா பின்னால இழுத்த பிறகு ஃபிரேமுக்குள்ள 120 தான் இருக்குன்னா அந்த செட்ல நூறு பீஸ் இருந்தும் நீங்க வெறுங்கைதான். அதே மாதிரி ஸ்க்ரூ நடுவுல இருந்து ஃபிரேம் முதுகு வரைக்கும் இருக்குற ஆழமும் முக்கியம், ஆர்ம் அகலமா இருந்தா ஃபிரேம் முதுகு போய் முட்டும். மச்சான் வண்டி மாதிரி முன் ஆக்ஸில் வண்டியா இருந்தா கூடுதலா ஒண்ணு, ஜாயின்ட் உக்கார்ற முகம் சாய்வா இருக்கலாம், அதுக்கு ஒரு பக்கம் சரிச்சு வெட்டுன அடாப்டர் வேணும், சாதா கப் வச்சா வழுக்கிட்டு ஓடும். நான் அந்த ரெண்டு அடாப்டரை மட்டும் தனியா வாங்கிக்கிட்டேன்.

குறைன்னு பாத்தா இந்த ரெண்டாவது செட் கனம். ஃபிரேமும் ஸ்க்ரூவும் மட்டுமே கையை ஒடிக்கும், வண்டிக்கு அடியில ஒரு கையில ஃபிரேம், ஒரு கையில கப், பிளேட்டைப் பிடிக்க மூணாவது கை யாரோடது? முதல் தடவை கப் நழுவி நேரா என் மார்ல விழுந்துச்சு. இப்ப ஃபிரேமுக்கு அடியில சின்ன ஜாக்கி ஒண்ணை வச்சுத் தாங்கிக்கிறேன், கப்பை கிரீஸ் போட்டு ஒட்டி வைக்கிறேன். ஆனா உண்மையைச் சொன்னா, ஆர்மைக் கழட்ட முடியுற வண்டின்னா கழட்டி மேசையில வச்சு வேலை பாருங்க, கூட ரெண்டு மூணு போல்ட், அவ்வளவுதான், ஃபிரேம் நேரா நிக்குதா இல்லையான்னு கண்ணால பாக்கலாம். அந்த ஒரு காரணமே போதும். பெட்டியோட கொக்கி முதல் வருஷமே உடைஞ்சுது, அதையெல்லாம் குறைன்னு எழுத எனக்கு மனசில்ல.

அசையாத ஜாயின்ட்டுக்கு நான் கத்துக்கிட்ட வழி, முழு பலத்துல முக்கிட்டே இருக்காம, ஸ்க்ரூவை நல்லா இறுக்கி லோடை ஏத்தி விட்டுட்டு, ஆர்ம் காதோட பக்கவாட்டுல சுத்தியலால ரெண்டு அடி. ஸ்க்ரூ தலையில அடிக்கக் கூடாது. அந்த அதிர்வுல துருப்பிடிப்பு விடும், டமார்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, முதல் தடவை கேட்டா ஏதோ உடைஞ்சுடுச்சுன்னுதான் நினைப்பீங்க. அந்த நேரம் முகம் ஸ்க்ரூவுக்கு நேரா இருக்கக் கூடாது, கண்ணாடி போட்டிருக்கணும், வண்டி ஸ்டாண்ட்ல நிக்கணும், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க. முந்தின நாள் ராத்திரியே துரு இளக்குற ஸ்ப்ரேயை அடிச்சு வச்சா பாதி வேலை மிச்சம். கேஸ் நெருப்பு வச்சு சூடு பண்ணுனா சீக்கிரம் வரும்னு சொல்லுவாங்க, நான் பண்ணுறதில்ல, அலுமினிய ஆர்ம்ல அது ஆபத்து, இரும்புலயும் பக்கத்துல இருக்குற ரப்பர் புஷ் வெந்துடும்.

ஏத்தும்போது துளையை உப்புத்தாள் போட்டு லேசா துடைச்சு, ஜாயின்ட்டை முதல்ல கையாலயே நேரா உக்கார வச்சு, கால் சுத்து திருகிட்டு நாலு பக்கமும் இடைவெளி ஒண்ணா இருக்கான்னு பாக்குறேன். தள்ளுற கப் ஜாயின்ட்டோட விளிம்புல மட்டும்தான் உக்காரணும், நடு மூடி மேலயோ ரப்பர் மேலயோ பட்டுச்சுன்னா புது ஜாயின்ட் காலி. ஜாயின்ட்டை ராத்திரி ஃப்ரீசர்ல வச்சா சுலபமா ஏறும்னு நானும் நம்பிட்டு இருந்தேன், கணக்குப் போட்டுப் பாத்தேன், 40 எம்எம் இரும்பு 45 டிகிரி குளிர்ந்தா சுருங்குறது வெறும் 0.02 எம்எம். கொஞ்சம் உதவும், ஒத்துக்கிறேன், ஆனா எடுத்து அஞ்சு நிமிஷம் நீங்க கப் தேடிட்டு இருந்தா அதுவும் போச்சு. முழுசா ஏறுனதும் விளிம்புக்கும் ஆர்முக்கும் நடுவுல 0.05 எம்எம் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) போகக் கூடாது, சர்க்கிளிப் பள்ளம் சுத்தி முழுசா தெரியணும். ஒருவேளை புது ஜாயின்ட் கை அழுத்தத்துலயே வழுக்கிட்டு ஏறுச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, துளை தேஞ்சு போச்சு, ஆர்மை மாத்துங்க. வெல்டு வச்சுப் பிடிச்சுடலாம்னு யாராவது சொன்னா அந்த ஆளோட வண்டியில ஏறாதீங்க.

நக்கிள்ல இருந்து பிரிக்கிறதுக்கு பிரஸ் உதவாது, அதுக்கு செபரேட்டர் தனி. முள்கரண்டி மாதிரி ரெட்டை முனை இருக்குறது ரப்பரைக் கிழிக்கும், பழசைத் தூக்கிப் போடத்தான போறோம்னா பரவால்ல. மாட்டும்போது, நட்டு கழண்டுடாம குறுக்க சொருகுற ஸ்ப்ளிட் பின்னோட துளை நேரா வரலைன்னா நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேர் பண்ணணும், தளர்த்தி இல்ல.

பழைய ஃபிரேமைத் தூக்கிப் போட மனசு வரல. எப்பவாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் யு ஜாயின்ட் தட்டிக் கழட்டும்போது அடியில முட்டுக்கொடுக்க ஆகுது, வேற எதுக்கும் தொடுறதில்ல. போன மாசம் மச்சான் போன் பண்ணி "மாமா, அந்த பிரஸ் வேணும், ஃபிரெண்டு கேக்குறான்"னான். எதுடான்னு கேட்டேன், வளைஞ்சதா வளையாததா? கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் நானே வந்து பண்ணித் தர்றேன்னு சொல்லி வச்சுட்டேன், முதல்ல போய் சர்க்கிளிப் இருக்கான்னு சுரண்டிப் பாக்கச் சொல்லியிருக்கேன்.