சூடானால் செல்ஃப் அடிக்காத பழைய கார்: பிள்ளையின் கைக்குப் போன பிறகு

பிள்ளைக்கு முதல் காராக வீட்டில் கிடக்கும் பழைய வண்டியையே கொடுத்துவிடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கொடுக்கலாம், வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடிக்க முடியாததால்தான் இவ்வளவு நீளம்.

வண்டி எல்லோருக்கும் தெரிந்த ரகம். 15 வயதைத் தாண்டிய சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக், 4 சிலிண்டர், மேனுவல் கியர். மைலேஜ், டிக்கி, ஏசி பற்றியெல்லாம் போதுமான அளவு எழுதப்பட்டாயிற்று. இங்கே பேச்சு ஒரே ஒரு தொல்லையைப் பற்றி. காலையில் சாவியைத் தொட்டதும் எழுந்துகொள்ளும். அரை மணி நேரம் ஓட்டி, எங்காவது 10 நிமிடம் நிறுத்திவிட்டு வந்து திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. இன்னும் 20 நிமிடம் பொறுத்தால் எதுவுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். எரிச்சல் இதில்தான்: மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ஆறியிருக்கும், அங்கே எத்தனை முறை திருப்பினாலும் அடிக்கும். “வண்டி நல்லாத்தானே இருக்கு” என்பார். அடுத்து பேட்டரியை மாற்றச் சொல்வார்கள், அதற்கடுத்து செல்ஃப் மோட்டாரை. இரண்டையும் மாற்றிய பிறகும் இதே தொல்லையோடு ஓடும் பழைய கார்கள் ஏராளம்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடியும். செல்ஃப் மோட்டாரின் தலையில் சாலினாய்டு இருக்கும்; சாவியைத் திருப்பியதும் இழுத்து மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் காந்த சுவிட்ச் அது. அதற்குள் செம்புச் சுருள் உண்டு. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். 25 டிகிரியில் இருந்த சுருள் 95 டிகிரிக்குப் போனால் தடை கால்பங்குக்கு மேல் கூடிவிடுகிறது, அதே வோல்ட்டில் மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இழுவிசை அதைவிட வேகமாக விழும். இன்ஜினை அணைத்தவுடன் கூலண்ட் ஓட்டமும் காற்றோட்டமும் நின்றுபோவதால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின், அதாவது இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுப்பின் சூடு அக்கம்பக்கத்தில் இறங்குகிறது. அணைத்த பிறகு ஒரு கால் மணி நேரத்துக்கு செல்ஃப் மோட்டார், வண்டி ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகச் சூடாகும். இந்த வண்டியில் அது மேனிஃபோல்டுக்கு நேர் கீழே, இடையில் ஒரு தகடுகூட இல்லாமல் தொங்குகிறது. இதை வரைந்த இன்ஜினியர் ஒரு நாளாவது வெயிலில் நின்று சாவியைத் திருப்பியிருக்க வேண்டும்.

ஆனால் சூடு மட்டுமே குற்றவாளி இல்லை. புதிதாக இருந்தபோதும் இதே சூட்டில்தான் ஓடியது. அப்போது சாலினாய்டுக்கு முழு வோல்ட்டும் போய்ச் சேர்ந்தது. இப்போது இக்னிஷன் சுவிட்சின் தேய்ந்த முனைகளும், பச்சைப் பூசணம் பிடித்த டெர்மினலும், துருவேறிய எர்த் கேபிளும் (பேட்டரி மைனஸை இன்ஜினோடும் பாடியோடும் இணைப்பது) ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிடுகின்றன. ஆறியிருக்கும்போது மிச்சத்தை வைத்துச் சமாளிக்கும், சூடானால் முடியாது.

பிள்ளை எங்கோ நின்றுகொண்டு போன் செய்யும்போது எதையும் கழற்றச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சோதனை சொல்லலாம்: “உள்விளக்கைப் போடு, அதைப் பார்த்துக்கிட்டே சாவியைத் திருப்பு.” விளக்கு அணைந்தே போனால் பேட்டரி காலி, அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. விளக்கு மங்கி இன்ஜின் சோம்பலாகச் சுற்றினாலும் முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாக அடித்தால் வோல்ட் போதவில்லை என்று பொருள்: சாலினாய்டு இழுக்கிறது, வோல்ட் சரிகிறது, விடுகிறது, மறுபடி இழுக்கிறது. விளக்கு பளிச்சென்று எரிய, சத்தமே இல்லை என்றால் சுவிட்ச், ரிலே, கிளட்ச் சுவிட்ச் இருக்கும் வண்டியில் அது, அல்லது சாவியின் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு). விளக்கு பளிச்சென்று எரிய, ஒரே ஒரு ‘டக்’ என்றால் சாலினாய்டுக்குள் இருக்கும் முனைகள் அல்லது இன்ஜினுக்குப் போகும் எர்த். இந்த வண்டி இந்தக் கடைசி வகையில் சேரும். இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் “ஸ்டார்ட் ஆகல” என்ற ஒற்றை வரிக்குப் பதில் உருப்படியான தகவல் வரும்.

அடுத்தது ஒரே ஒரு ஜம்பர் கேபிள் போதுமான சோதனை. பலருக்கு இது தெரிவதில்லை. கியர் நியூட்ரலில், கை பிரேக் போட்டிருக்க வேண்டும். கறுப்பு ஜம்பர் கேபிளின் ஒரு முனையைச் சொந்த பேட்டரியின் மைனஸ் முனையிலும், மறு முனையை இன்ஜினின் பெயிண்ட் இல்லாத கனமான இரும்பிலும் கவ்வ வேண்டும். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் எட்டாத இடமாக இருக்கட்டும். சூடான நிலையில் மறுத்த வண்டி இப்போது அடித்தால் கோளாறு எர்த்தில். வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது கடைசிக் கிளிப்பை இன்ஜின் இரும்பில்தான் கவ்வச் சொல்வார்கள், பேட்டரியருகே பொறி பறக்காமலிருக்க. அது சரியான முறையே. ஆனால் அந்தக் கிளிப் கெட்டுப்போன எர்த்தையும் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. வண்டி எழுந்துகொள்ள, “பேட்டரி போச்சு” என்ற முடிவுக்கு எல்லோரும் வந்துவிடுகிறார்கள். நல்ல பேட்டரிகள் குப்பைக்குப் போவது இப்படித்தான்.

உறுதி செய்ய மல்டிமீட்டர் வேண்டும். ஓம் பக்கம் வைத்து அளப்பது வீண். பத்து இழைகளில் ஒன்பது அறுந்த கேபிளும் பூஜ்யம்தான் காட்டும், மீட்டரின் ஒயரிலேயே அதைவிடத் தடை அதிகம். செல்ஃப் மோட்டார் இழுப்பது 100 முதல் 200 ஆம்பியர். 150 ஆம்பியர் ஓடும்போது 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் காணாமல் போகும். அதனால் லோடில், அதாவது செல்ஃப் சுற்றும்போதே, டிசி வோல்ட்டில் அளக்க வேண்டும். பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் பற்றாத நிலையில் ஒருவர் 3 விநாடி சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்கலாம். ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் சுற்றக் கூடாது, நடுவே அரை நிமிடமாவது ஆறவிட வேண்டும்.

பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழ்களுக்கு இடையே சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. அடுத்து மைனஸ் குமிழுக்கும் இன்ஜின் இரும்புக்கும் நடுவே: 0.2 வோல்ட் வரை பரவாயில்லை, அரை வோல்ட் என்றால் எர்த்தைக் கழற்ற வேண்டியதுதான். பிளஸ் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை 0.5-க்குள். மீட்டரின் முனையை ஈயக் குமிழிலேயே குத்த வேண்டும், கிளாம்பில் அல்ல. குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவில்தான் பல நேரம் திருட்டு நடக்கிறது. கடைசியாக, சாவியிலிருந்து சாலினாய்டுக்கு வரும் மெல்லிய ஒயர். பேட்டரியில் அந்த நேரம் இருப்பதைவிட அங்கே 2 வோல்ட் குறைவாக இருந்தால் சுவிட்ச் பாதையில் நஷ்டம். சூடாக மறுக்கும் நேரத்தில் அளந்தால்தான் இதெல்லாம் பேசும்.

எர்த் சரிசெய்வது பிள்ளையே செய்யக்கூடிய வேலை. 10 நம்பர் ஸ்பேனர், கம்பி பிரஷ், உப்புத்தாள் போதும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால், பிளஸைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டு நேரடி ஷார்ட் ஆகும். மோதிரம், கடிகாரம் கழற்றிவைத்துவிட வேண்டும். டெர்மினல் பூசணத்துக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றித் தேய்க்கலாம், கரைசல் பேட்டரிக்குள் இறங்காமல் பார்த்துக்கொண்டு. எர்த் லக் (கேபிள் முனையின் வளையம்) உட்காரும் இடத்தில் பெயிண்ட், துரு எல்லாம் போய் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கிய பிறகே வாசலின் பூச வேண்டும். லக்குக்குள்ளே ஒயர் கறுத்து, மடக்கினால் நொறுங்கினால் சுத்தம் செய்து பயனில்லை. இன்ஜினுக்கும் பாடிக்கும் 25 சதுர மி.மீ. செம்புக் கேபிள் ஒன்றைப் புதிதாகப் போட்டுவிடலாம். அசையும் இன்ஜின் என்பதால் கொஞ்சம் தொய்வு விட வேண்டும்.

சுவிட்ச் பாதை நஷ்டத்துக்கு இக்னிஷன் சுவிட்சை மாற்றுவதைவிட ஒரு ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் சுவிட்ச், நீடித்து உழைக்கும். சாலினாய்டு இழுக்கும் கணத்தில் 20 ஆம்பியருக்கு மேல்கூட எடுக்கும், அதைச் சுமந்துதான் சுவிட்ச் தேய்கிறது. ரிலேயின் சுருளுக்கோ அரை ஆம்பியர்கூட வேண்டாம். சாலினாய்டுக்குப் போன பழைய ஒயரை ரிலேயில் 86 என்று எண் போட்ட முனைக்கும், 85-ஐ எர்த்துக்கும், 87-லிருந்து 4 சதுர மி.மீ. ஒயரை சாலினாய்டுக்கும் கொடுக்க வேண்டும். பேட்டரியிலிருந்து 30-க்கு வரும் ஒயரில், பேட்டரிக்கு அருகிலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ். செல்ஃப் மோட்டாருக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும் தகடு ஒன்றும் போட வேண்டும். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருப்பதால் ரிலே, தகடு இரண்டும் பிள்ளை தனியாகச் செய்யும் வேலையில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு வண்டி சூட்டிலும் அடிக்கிறது. மற்றபடி குறை சொல்ல அதிகமில்லை. ஆயில் குடிக்கும், எனவே மாதம் இரண்டு முறை குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும், நிறுத்தி 5 நிமிடம் கழித்து, சமதளத்தில். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 1 லிட்டர். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும் என்பதால் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பத்து வருட டயரில் பிள்ளையை அனுப்பக் கூடாது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாவிட்டால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

வெளியிலிருந்து போட்ட ஸ்டீரியோவையும் பாருங்கள், பிள்ளைகள் முதலில் கை வைப்பது அங்கேதான். பூட்டிய வண்டி 50 மில்லியாம்பியருக்கு மேல் குடிக்கக் கூடாது. 300 குடித்தால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி 3 நாளில் பாதிக்கு வந்துவிடும், அப்புறம் மறுபடியும் செல்ஃப் மோட்டார் மேல் பழி விழும்.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடி எதுவும் மறைக்காது. பேட்டரி, எர்த், ஃபியூஸ், பெல்ட் எல்லாம் கைக்கெட்டும். கோளாறு எங்கே என்று அளந்து கண்டுபிடிக்கப் பழக இதைவிட நல்ல வண்டி கிடைப்பது கஷ்டம். இந்த விஷயத்தில் குறையே கிடையாது.

ஆனாலும் நண்பருக்கு என் பதில், கொடுக்காதீர்கள் என்பதுதான். எர்த்தும் ரிலேயும் கோளாறைத் தீர்த்தன, அது ஓட்டுபவரிடம் உண்டாக்கிய பழக்கத்தைத் தீர்க்கவில்லை. மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ ஆகாதோ என்று பயந்து ஓட்டிய பிள்ளை இன்ஜினை அணைக்கவே தயங்கும். ஓடவிட்டபடி கடைக்குள் போகும். பெட்ரோல் போடும்போதுகூட அணைக்காமல் இருக்கப் பார்க்கும். தள்ளி ஸ்டார்ட் செய்ய வசதியாகச் சரிவில் நிறுத்தும். இன்ஜின் ஓடாமல் சரிவில் உருளும் வண்டியில் பிரேக்குக்குப் பூஸ்டர் உதவி ஓரிரு மிதியோடு தீர்ந்துவிடும், பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் கல்லாகிவிடும். ஓட்டக் கற்ற முதல் ஆண்டில் இதெல்லாம் படியக் கூடாத பழக்கம். அதோடு இந்த வண்டியில் ஏபிஎஸ் இல்லை, பக்கவாட்டு ஏர்பேக் இல்லை. ரிலே போல் அவற்றை வாங்கி மாட்டவும் முடியாது. பழகுவதற்கு வீட்டில் நிற்கட்டும், பிள்ளை ஓட்டிப்போக வேறு வண்டி பாருங்கள். ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றால், கறுப்பு ஜம்பர் கேபிளும் 10 நம்பர் ஸ்பேனரும் டிக்கியில் இருக்கட்டும். எரிபொருள் போடுமிடத்தில் அணைக்க மறுத்தால் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.