அபோகலிப்ஸ் வேர்ல்டு: கோட்பாடு பகடைக்கு வந்து சேர்ந்த இடம்

ஆளுக்கொரு பாத்திரமேற்று, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் கேமை வடிவமைக்கக் கோட்பாடு எதற்கு, நல்ல கற்பனை இருந்தால் போதாதா? இப்படிக் கேட்பவர் கையில் கொடுக்க வேண்டிய விதிப்புத்தகம் அபோகலிப்ஸ் வேர்ல்டு. வின்சென்ட் பேக்கர் 2010இல் வெளியிட்டது. இரண்டாம் பதிப்பு 2016இல் வந்தது. நாகரிகம் அழிந்த உலகில் பற்றாக்குறையோடு மல்லுக்கட்டும் மனிதர்கள்தான் களம். அதில் புதுமை குறைவு. புதுமையெல்லாம் விதிகள் எழுதப்பட்ட விதத்தில் இருக்கிறது.

1999இல் கேம் வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் 'சிஸ்டம் முக்கியம்' என்று வாதாடி எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு பெரிய விவாதம் கிளம்பியது. விளையாடுபவரின் நோக்கத்தை கேமிசம் (சவாலை வெல்வது), நேரேட்டிவிசம் (கதையின் கருவைத் துருவுவது), சிமுலேஷனிசம் (கற்பனை உலகை நம்பும்படி வாழ்வது) என்று மூன்றாகப் பிரித்த ஜிஎன்எஸ் கோட்பாடு அதில் புகழ்பெற்றது. சண்டையும் அதைச் சுற்றித்தான் அதிகம். பெயர் சூட்ட அது உதவியது. ஆனால் பகடையை எப்போது உருட்டுவது, உருட்டியபின் யார் பேசுவது என்று அது சொல்லவில்லை. வடிவமைப்பாளருக்கு நிஜமாகக் கைகொடுத்தது பேக்கரின் லம்ப்ளி கோட்பாடுதான். கற்பனையில் என்ன நடந்தது என்பதை மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் எந்த வழியில் ஒப்புக்கொள்கிறார்களோ, அந்த வழிதான் சிஸ்டம் என்கிறது அது. "கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னதும் கதவு உடைந்துவிட்டதா? யார் சொன்னால் அது செல்லும்?

இந்தப் புத்தகத்தில் 'மூவ்' எனப்படும் செயல்விதி ஒவ்வொன்றும் அந்தக் கேள்விக்கான பதில். கேரக்டர் கதைக்குள் ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்தால் மூவ் தூண்டப்படும். செய்யாமல் மூவின் பெயரை மட்டும் சொன்னால் பகடை கிடையாது. இரண்டு ஆறுபக்கப் பகடைகளை உருட்டி, கேரக்டரின் திறனைக் குறிக்கும் பண்பு எண்ணைக் கூட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்து வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழே மிஸ். கூட்டல் இல்லாதபோது மொத்தம் 36 சேர்க்கைகளில் மிஸ்ஸுக்கு 15, நடுப்பட்டைக்கு (7-9) 15, முழு வெற்றிக்கு 6. பண்பு +2 ஆனால் மிஸ் 6 ஆகச் சுருங்கி முழு வெற்றி 15 ஆகிறது. நடுப்பட்டை அப்போதும் அதே 15தான். கேரக்டர் வளர்ந்தாலும் சிக்கல் வற்றாமல் இருப்பதன் ரகசியம் இங்கே இருக்கிறது. +3க்குப் போனால் மிஸ் வெறும் 3, நடுப்பட்டை 12. பண்பு எண்ணுக்கு அதற்கு மேல் இடமில்லாதது நல்ல முடிவு.

ஒரு தருணத்தை எடுத்துக்கொள்வோம். காவலாளியின் பார்வையில் படாமல் கிடங்கிலிருந்து நழுவப் பார்க்கிறாள் ஒருத்தி. பகடையில் 3, 4. பண்பு +1. மொத்தம் 8. 'பாதி வெற்றி' என்று மட்டும் விதி எழுதியிருந்தால் எம்சி, அதாவது கேம் மாஸ்டர், விழித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இங்கே விதி அவருக்கு மூன்று வழி தருகிறது: நினைத்ததைவிட மோசமான விளைவு, கடினமான பேரம், இரண்டுமே கசக்கும் தேர்வு. "வெளியே போய்விடலாம், ஆனால் பை உள்ளேயே கிடக்கும். பையோடு போனால் அவன் உன் முகத்தைப் பார்த்துவிடுவான். எது?" முடிவு மறுபடி விளையாடுபவர் கைக்கு வந்துவிடுகிறது.

எம்சி பகடையே உருட்டுவதில்லை. என்ன பேசலாம், எப்போது பேசலாம் என்பதற்கு அவருக்கும் பட்டியல் உண்டு. முதலில் ஆபத்தைக் காட்ட வேண்டும்; மிஸ் விழுந்தாலோ, காட்டிய ஆபத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டாலோ விரும்பிய அளவு பலமாக அடிக்கலாம். இதை அறிவுரையாக நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் இடறுகிறார்கள். 7-9 விழும்போதெல்லாம் மிஸ் மாதிரியே தண்டித்தால் வெற்றிக்கு மதிப்பு போய்விடும்; விளையாடுபவர்கள் மூவைத் தவிர்க்க ஆரம்பிப்பார்கள்.

இதைப் பார்த்து எழுதப்பட்ட கேம்கள் ஏராளம். பல, பகடைக் கணக்கை எடுத்துக்கொண்டு தேர்வுப் பட்டியலை விட்டுவிட்டன. ஒவ்வொரு 7-9க்கும் விலையை எம்சியே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் யோசனை வறண்டு, நாலாவது தடவையும் காவலர்களே ஓடி வருவார்கள். பகடையைக் கடன் வாங்கினார்கள், அதன் பின்னாலிருந்த கோட்பாட்டை வாங்கவில்லை.

புத்தகத்தில் குறையும் உண்டு. ஒவ்வொரு கேரக்டருக்கும் இரண்டு பண்புகள் அடையாளமிடப்படும். அவற்றை உருட்டும்போதெல்லாம் அனுபவப்புள்ளி, ஐந்து சேர்ந்தால் முன்னேற்றம். கதைக்குத் தேவை இல்லாத இடத்திலும் அந்தப் பண்பைத் தேடி உருட்ட இது தூண்டுகிறது. செயல்தான் மூவைத் தூண்ட வேண்டும் என்ற அடிப்படைக்கே இது எதிர்த்திசை. மொழிநடையும் முரட்டுத்தனமானது, இளையவர்கள் உட்காரும் மேஜைக்கு ஆகாது. முதல் அமர்வின் பெரும்பகுதி கேரக்டர் உருவாக்கத்திலும் கேள்வி பதிலிலும் கரையும். அது வீணல்ல, உலகமே அதில்தான் பிறக்கிறது. ஆனால் ஒரே மாலையில் ஆடி முடிக்க நினைப்பவர்கள் வேறு கேமைப் பார்ப்பது நல்லது.

விளையாட மட்டும் என்றால் இரண்டாம் பதிப்பு. ஆபத்துகளைக் குழுக்களாகத் தொகுத்து வைக்கும் முதல் பதிப்பின் 'ஃப்ரண்ட்' முறைக்குப் பதிலாக வந்த அச்சுறுத்தல் வரைபடம், யார் எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறார்கள் என்பதை ஒரே தாளில் காட்டிவிடும். வடிவமைக்க விரும்புபவர்கள் படித்துக்கொண்டே சொந்தமாக மூன்று மூவ் எழுதிப் பார்க்கலாம். தூண்டும் செயல் என்ன, 7-9இல் யார் தேர்ந்தெடுக்கிறார், எதிலிருந்து தேர்ந்தெடுக்கிறார் என்ற மூன்றும் ஒவ்வொன்றிலும் தாளிலேயே இருக்க வேண்டும். அதில் ஒன்று விடுபட்ட மூவை நண்பர்களிடம் கொடுத்து ஆடவிட்டால், எந்த இடத்தில் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள் என்பது முதல் மூன்று உருட்டலுக்குள் தெரிந்துவிடும்.