குஞ்சத்தைக் கட்டுவதா, அவிழ்ப்பதா?

கோணல் முக்கோணச் சால்வை பின்னுவது பெரிய வித்தை இல்லை. மூன்று கண்ணியில் தொடங்கி, ஒரு ஓரத்தில் மட்டும் நான்கு வரிசைக்கு ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போனால் போதும். மற்ற ஓரம் நேராக ஓடும், சால்வை தானாகவே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நீளும். கை தயங்குவது குஞ்சத்தில்தான்.

முதல் வழி, பின்னி முடித்தபிறகு நூலை வெட்டி முடிச்சுப் போடுவது. 15 செ.மீ குஞ்சத்துக்கு 32 செ.மீ துண்டை இரண்டாக மடிக்க வேண்டும். 150 செ.மீ ஓரத்தில் 2 செ.மீக்கு ஒரு கொத்து, கொத்துக்கு மூன்று இழை என்றால் 72 மீற்றர் நூல் போய்விடும். நடுத்தரத் தடிப்பு நூலில் அது 100 கிராம் பந்தின் மூன்றிலொரு பங்குக்கும் மேல். நான் இந்தக் கணக்கைப் பார்க்காமல் கடைசி முழம்வரை பின்னிவிட்டேன். மீண்டும் கடைக்குப் போய் அதே ரோஸ் நிறத்தில் ஒரு பந்து வாங்கிவந்தேன். விளக்கு வெளிச்சத்தில் ஒன்றாகத்தான் தெரிந்தது. காலையில் வாசலில் விரித்ததும் மாமி கேட்டார்: "என்னா புள்ள, குஞ்சம் மட்டும் வேற கலரா இருக்கு?" சாயத் தொகுதி, அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட பந்துகளின் கூட்டம், மாறினால் இப்படித்தான்.

இரண்டாவது வழியில் அந்தக் கவலை இல்லை. தொடக்கத்திலேயே 6 கண்ணி கூடுதலாகப் போட்டு, அவற்றை நேரான ஓரத்தில் கூட்டாமல் குறைக்காமல் பின்னிக்கொண்டே வர வேண்டும். முடிவில் மற்றக் கண்ணிகளைக் கழலாதபடி அடைத்துவிட்டு இந்த ஆறையும் ஊசியிலிருந்து நழுவவிட்டு, வரிசை வரிசையாக அவிழ்க்க வேண்டும். வளையம் வளையமாகக் குஞ்சம் வரும். அவிழ்க்க அவிழ்க்க இரண்டிரண்டாகச் சேர்த்து அடியில் முடிச்சுப் போடாவிட்டால் உள்ளே இருக்கும் கண்ணியும் தளரும். நீளம், அவிழ்த்த பட்டையின் அகலத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. பிறகு மனம் மாறினாலும் நீட்ட முடியாது. நூல் எப்போது தீர்கிறதோ அப்போது நிறுத்தலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த வசதி.

வளையத்தை வெட்டிவிடுவது நல்லது, எல்லாவற்றிலும் மாட்டும். அம்மாயி கொழுந்துக்குப் போன நாளில் தலையில் போட்ட கம்பளிக்குக் குஞ்சமே கிடையாது. இருந்திருந்தால் மலையில் பாதி தேயிலைச் செடியோடு நின்றிருக்கும்.

ஆனால் வழியைத் தீர்மானிப்பது நூல். டவுனில் 'வூல்' என்று கேட்டால் என் கைக்கு வருவது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். அது வழுக்கும், அவிழ்த்த ஓரம் தொடர்ந்து கழன்றுகொண்டே இருக்கும். அவிழ்த்த நூலில் இருக்கும் சுருளும் போகாது. அதற்குக் கட்டுகிற குஞ்சமே சரி. உண்மையான ஆட்டுக் கம்பளி நூல் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், நனைத்து விரித்துக் காயவைத்தால் சுருள் நேராகும். நுவரெலியா மூடுபனியில் அது காய இரண்டு நாள் எடுக்கும், அக்ரிலிக் அதற்குள் காய்ந்துவிடும். பருத்தி வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டால் கனத்துத் தொங்கும்.

இன்னொன்று: ஜனவரியில் புல்லில் உறைபனி விழும் நாட்களில் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லோரும் அடுப்படியில்தான் குளிர் காய்வோம். நெருப்புப் பட்டால் அக்ரிலிக் உருகி உடம்பில் ஒட்டும். கம்பளி கருகும், நெருப்பை விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். அடுப்புப் பக்கம் குனிந்து பால் இறக்குகிறவருக்கு அக்ரிலிக் குஞ்சம் வைத்துத் தரமாட்டேன். அம்மாவுக்கு இப்போது பின்னுவது கம்பளியில்தான், ஓரத்தில் ஆறு கண்ணி தனியாக ஓடுகிறது.