சைனஸ் லிஃப்ட்: துளை வழியா, ஜன்னல் வழியா?

மேல் கடைவாய்ப் பல் போய் வருடங்கள் ஆனால் தாடை எலும்பு தேயும். அதற்கு மேலே உள்ள சைனஸ் என்ற காற்றறையும் கீழிறங்கும். இம்ப்ளான்ட், அதாவது செயற்கைப் பல் வேர், ஊன்ற இடம் போதாது. சைனஸின் உள்சவ்வை உயர்த்தி அங்கே எலும்பு சேர்ப்பதுதான் சைனஸ் லிஃப்ட். அதற்கு இரண்டு முறை.

எஞ்சிய எலும்பு 5, 6 மில்லிமீட்டராவது இருந்தால், இம்ப்ளான்ட்டுக்கான துளை வழியாகவே சைனஸ் சவ்வை மெல்ல உயர்த்தி எலும்புத் துகள் நிரப்புவார்கள். பெரும்பாலும் இம்ப்ளான்ட்டையும் அன்றே பொருத்திவிடலாம். வீக்கம் குறைவு. ஆனால் சவ்வு கண்ணுக்குத் தெரியாது. கிழிந்தாலும் உடனே புலப்படாமல் போகலாம். கூடும் உயரமும் சில மில்லிமீட்டர்தான்.

4 மில்லிமீட்டருக்கும் குறைவென்றால், கன்னப் பக்க எலும்பில் சிறு ஜன்னல் திறப்பதே வழக்கம். சவ்வைப் பார்த்துக்கொண்டே தூக்கலாம், தாராளமாக நிரப்பலாம். முகம் வீங்கும், செலவு கூடும், இம்ப்ளான்ட் வைக்கவே பல நேரம் 6 முதல் 9 மாதம் பொறுக்க வேண்டும். எலும்பு போதுமென்றால் நான் முதல் முறையைத்தான் கேட்பேன்.

குன்னூர்க்காரர்கள் கோவையில் ஜன்னல் முறையில் செய்துகொண்டு அன்று மாலையே மலையேறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. குன்னூர் 1,800 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது. மலைப்பாதையில் பர்லியாறு தாண்டும்போது காதை அடைக்கும் காற்றழுத்த மாற்றம் சைனஸையும் விடாது. எப்போது ஏறலாம் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டு முறையிலும் சில வாரங்கள் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். சளி பிடித்திருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.