பாதித் தண்ணீரா, பாட்டில் திரவமா? அமோனியா ஏறிய சின்ன ரீஃப் தொட்டிக்கு எது முதலில்?

60 லிட்டர் ரீஃப் தொட்டி, அதாவது பவளமும் கடல்மீனும் வளரும் உப்புநீர்த் தொட்டி. பாறையும் மணலும் போக உள்ளே 50 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். இரவில் தண்ணீரை ஓடவைக்கும் பம்பான பவர்ஹெட் நின்றுபோய், காலையில் ஒரு மீனும் சில நத்தைகளும் செத்துக் கிடக்கின்றன. டெஸ்ட் கிட்டில் அமோனியா 1 மி.கி./லி. காட்டுகிறது.

அடுத்து எந்த வழியில் போனாலும் முதல் பத்து நிமிட வேலை ஒன்றுதான். பவர்ஹெட்டை ஓடவிட்டு நீர்ப்பரப்பு கலங்கும்படி மேல்நோக்கித் திருப்ப வேண்டும், செத்தவற்றை எடுக்க வேண்டும். பாறை இடுக்கில் ஒரு நத்தை அழுகிக்கொண்டிருந்தாலே மற்ற முயற்சிகளெல்லாம் வீண். மணலில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஆக்சிஜன் இல்லாத அடியடுக்கைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு மேலே வரும்.

ஓட்டம் திரும்பியதும் பலர் நிம்மதி அடைகிறார்கள். ஆபத்து அங்கேதான் கூடுகிறது. நின்ற தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். 7.8 அளவுக்கு இறங்கியிருக்கும். அப்போது மொத்த அமோனியாவில் ஏறத்தாழ 3% மட்டுமே நச்சு வடிவில் இருக்கும். காற்றோட்டத்தால் பி.எச். 8.2க்கு ஏறினால் அது 7% அளவுக்குப் போகும். கிட்டில் அதே 1 மி.கி.தான் தெரியும், நஞ்சோ இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அதற்காகக் காற்றை நிறுத்த முடியாது, மூச்சுத்திணறல் இன்னும் வேகமாகக் கொல்லும். அமோனியாவைத்தான் அன்றே இறக்கியாக வேண்டும்.

அதற்குத் தண்ணீர் மாற்றுவதே முதல் வழி. ஒரே தடவை பாதியா, தினமும் கொஞ்சமா என்பதில்தான் வாதம். 25 லிட்டர் மாற்றினால் 1 மி.கி. உடனே 0.5 ஆகிறது. தினம் 10 லிட்டர் வீதம் மூன்று நாள் மாற்றினால் 0.8, 0.64, 0.51. அதாவது அதே இடத்துக்கு வந்துசேர மூன்று நாள், அதுவும் புதிதாக அமோனியா எதுவும் சேராவிட்டால். அத்தனை நாளும் மீன் நஞ்சில் நீந்துகிறது. ஆகவே பாதி மாற்றுவதே மேல்.

‘பெரிய மாற்றம் பவளத்தைக் கொல்லும்’ என்ற பயம் பாதிதான் சரி. கொல்வது அளவு அல்ல, பொருத்தமில்லாத தண்ணீர். தொட்டியின் ஆல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை) அதன் அலகான டி.கே.எச்.சில் 7.5, புதுத் தண்ணீர் 11 என்றால் பாதி மாற்றத்தில் ஒரேயடியாக 9.25க்குத் தாவும், அக்ரோபோரா போன்ற கல் பவளங்களின் நுனி வெளுத்துத் தோல் உரியலாம். அவை இருந்தால் எட்டு மணி நேர இடைவெளியில் இரண்டு 25% மாற்றங்கள், அமோனியாவில் மீதம் 56%. சோவாந்திட், காளான் பவளம் போன்ற மென்மையான வகைகள் மட்டும் என்றால் தயங்க வேண்டாம்.

25 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்குச் சுமார் 900 கிராம் ரீஃப் உப்பு போகும். ஆனாலும் எடையை நம்பாமல் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025–1.026 வருகிறதா என்று பாருங்கள். வெப்பநிலை தொட்டியோடு ஒரு டிகிரிக்குள் இருக்கட்டும். உப்பு முழுதும் கரைந்து தெளியச் சில மணி நேரமாவது பவர்ஹெட் போட்டுக் கலக்க வேண்டும்.

அந்தச் சில மணி நேரத்துக்குத்தான் அமோனியாவைப் பிணைக்கும் பாட்டில் திரவம். கலந்த தண்ணீர் கையில் தயாராக இருந்தால் அது தேவையே இல்லை. லேபிள் அளவைத் தாண்டி ஊற்றினால் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையே அது தின்னக்கூடும். இப்போது பற்றாக்குறையாக இருப்பதே அதுதான். கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் பொங்கி வழியும். நெஸ்லர் வகை (ஒருவகை வேதிப்பொருளால் அமோனியாவை அளக்கும்) கிட் தப்பான எண் காட்டும் என்பதால், ஊற்றிய பிறகு அந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பாட்டில் பாக்டீரியா? லைவ் ராக், அதாவது தொட்டியிலுள்ள பாக்டீரியா குடியேறிய பாறை, உயிரோடு இருந்தால் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதிலேயே இருக்கிறது. அதற்குத் தேவை ஓட்டமும் ஆக்சிஜனும். பாறையே பல மணி நேரம் வெளியில் காய்ந்துபோன தொட்டிக்குத்தான் பாட்டில் அர்த்தமுள்ளது. அப்போதும் பலன் தெரியச் சில நாள் ஆகும். ஊற்றிய இரண்டு நாள், கிருமிகளைக் கொல்லும் யூ.வி. விளக்கை அணைத்து வையுங்கள்.

மீனையும் இறாலையும் 20 லிட்டர் வாளிக்கு மாற்றுவது, அமோனியா 2 மி.கி.யைத் தாண்டினால் நல்ல யோசனை. புது உப்புத்தண்ணீர், ஹீட்டர், ஏர் ஸ்டோன் மூன்றும் இருந்தால் மட்டும். வாளியில் வடிகட்டி இல்லாததால் தீனி போடாமல், தினமும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டியிருக்கும்.

நன்னீர் வளர்ப்பாளர்கள் பரிந்துரைக்கும், அமோனியாவைப் பிடிக்கும் கனிமமான ஜியோலைட் இங்கே வேலைக்காகாது. கடல்நீரின் சோடியமே அதன் இடங்களைப் பிடித்துக்கொள்ளும். ஆக்டிவேட்டட் கார்பன் அமோனியாவைத் தொடாது. ஆனால் அழுகியதால் வந்த மஞ்சள் நிறத்தையும், பதறிய மென்பவளங்கள் கக்கும் நச்சையும் இழுக்கும். ஆகவே பாதி மாற்றிய கையோடு கார்பனை அலசிப் போட்டு, மூன்றாம் நாள் எடுத்தெறியுங்கள். அடுத்த வாரம், பாக்டீரியா அமோனியாவை மாற்றும்போது உருவாகும் நைட்ரைட் ஏறினால் அதைத் துரத்திக்கொண்டு மறுபடி தண்ணீர் மாற்ற வேண்டியதில்லை. கடல்நீரில் உள்ள குளோரைடு அதைச் செவுளுக்குள் நுழையவிடாமல் பெரும்பாலும் தடுத்துவிடும்.